லிக்லைடரும் அந்தக் கறுப்புத் திரையும்

இந்த இதழில் ஆளுமைப் பக்கம் என் கைக்கு வந்திருக்கிறது. டூரிங், கலாம், ஸ்டீவ் ஜாப்ஸ் எல்லாரையும் சீனியர்கள் ஏற்கனவே எழுதி முடிச்சுட்டாங்க. நான் எடுத்துக்கொண்டது ஜே.சி.ஆர். லிக்லைடர். கம்ப்யூட்டர் வரலாறு படிக்கிறவர்களுக்கு ரொம்பப் பழக்கமான பெயர். நம்ம சிலபஸில் மட்டும் எங்கேயும் வராது. இத்தனைக்கும் அவர் இன்ஜினியர்கூட கிடையாது, சைக்காலஜியில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

ஏன் இவர் என்றால், காரணம் என் இன்டர்ன்ஷிப். போன லீவில் ஒரு கம்பெனியில் ஆறு வாரம் இருந்தேன். ஏஐ புராஜெக்ட் கிடைக்கும் என்ற கனவோடு போனவனுக்குக் கிடைத்தது ஒரு கறுப்புத் திரை. அதில் பச்சை எழுத்து. அது மெயின்ஃபிரேம் செஷன் என்றார்கள். எக்ஸெல் ஷீட்டில் இருக்கும் பாலிசி எண்களை ஒவ்வொன்றாக அந்தத் திரையில் போட்டு, வரும் விவரத்தைத் திரும்ப எக்ஸெலில் எழுதும் ஒரு சின்ன புரோகிராம் செய்வது என் வேலை. மனுஷன் டைப் பண்ணுவதற்குப் பதில் புரோகிராம் டைப் பண்ணும், அவ்வளவுதான். இரண்டே நாளில் முடித்துவிட்டேன். மூன்றாம் நாள் டெஸ்ட் பண்ணிப் பார்த்தால், ஒரு பாலிசிக்கு எதிரே அதற்கு முந்தைய ஆளின் பெயர். சில வரிசை சரியாக இருக்கு, சில வரிசை ஒரு ஆள் தள்ளி இருக்கு. நல்லவேளை, டெஸ்ட் டேட்டாதான். நிஜ டேட்டாவாக இருந்திருந்தால் ஒருத்தருடைய காப்பீட்டு விவரம் இன்னொருத்தர் பெயருக்கு எதிரே போய் உட்கார்ந்திருக்கும்.

பக்கத்து சீட்டு அண்ணன் இருபது வருஷமா மெயின்ஃபிரேம் பார்க்கிறவர். அவர் என் கோடைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திரையின் அடிவரியில் ஒரு எக்ஸ் குறியும் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரமும் வந்து வந்து மறைவதை விரலால் காட்டினார். அது தெரியும் வரைக்கும் ஹோஸ்ட் வேலையில் இருக்கு தம்பி, நீ காத்திருக்கணும், உன் புரோகிராம் காத்திருக்கவே இல்லை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த எக்ஸ் ஏன் வந்தது, டெர்மினல், செஷன், ஹோஸ்ட், வர்ச்சுவல் டெர்மினல் என்ற வார்த்தைகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் போனாலும் இந்த ஒரு மனிதர் குறுக்கே வந்துகொண்டே இருந்தார். மெஷினுக்காக மனுஷன் காத்திருக்கணுமா, மனுஷனுக்காக மெஷின் காத்திருக்கணுமா? அவர் பாதி வாழ்க்கையை இந்தக் கேள்விக்குத்தான் கொடுத்திருக்கிறார்.

ஜோசப் கார்ல் ராப்னெட் லிக்லைடர் 1915 மார்ச் 11 அன்று அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா பாப்டிஸ்ட் சபையில் போதகர். பையனுக்கு மாடல் விமானம் கட்டுவதில் பைத்தியம். பதினைந்து வயதில் ஒரு பழைய காரை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தாராம். பெயர் நீளமாக இருந்ததால் எல்லாருக்கும் அவர் வெறும் லிக். பின்னாளில் பெரிய பதவியில் இருந்தபோதும் மாணவர்கள் தன்னை லிக் என்றே கூப்பிட வேண்டும் என்பார். நம்ம ஊரில் ஹெச்ஓடியை அப்படிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாம்.

செயின்ட் லூயிஸில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1937-ல் பட்டம் வாங்கினார். ஒரே நேரத்தில் மூன்று பாடம்: இயற்பியல், கணிதம், உளவியல். 1942-ல் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். காது கேட்கும் ஒலியை மூளை எந்த இடத்தில், எப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. குண்டு போடும் விமானத்துக்குள் இன்ஜின் இரைச்சலில் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்கு விளங்காது. இந்தப் பிரச்சினையைப் பார்க்க ஹார்வர்டில் ஒரு ஒலி உளவியல் ஆய்வகம் இருந்தது. லிக் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் செய்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. பேச்சொலியின் அலையில் மேலே, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் உச்சிகளைக் கடுமையாக வெட்டிவிட்டால் என்ன ஆகும்? நாம சிக்னல்ஸ் பேப்பரில் கிளிப்பிங் என்று படித்தோமே, அதேதான். சத்தம் கரகரவென்று கேவலமாக இருக்கும். ஆனால் வார்த்தை புரியும். அலையின் அழகான வடிவம் முக்கால்வாசி போனாலும் மனுஷக் காது அர்த்தத்தைப் பிடித்துக்கொள்கிறது. கம்ப்யூட்டர் பக்கம் வருவதற்கு முன்பே அவர் கவனம் எங்கே இருந்தது என்று இதில் தெரியும். கருவியைவிட, கருவிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

1950-ல் எம்ஐடிக்கு மாறினார். அங்கே லிங்கன் ஆய்வகத்தில் சேஜ் என்ற வான் பாதுகாப்பு சிஸ்டம் உருவாகிக்கொண்டிருந்தது. ரேடார் தகவல் டெலிபோன் லைன் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும். வீரர்கள் வட்டத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, லைட் கன் என்ற துப்பாக்கி மாதிரியான ஒன்றைத் திரையில் காட்டி, இந்த விமானம் எது என்று கேட்பார்கள். மெஷின் உடனே பதில் சொல்லும். மற்ற எல்லா இடத்திலும் கம்ப்யூட்டர் பூட்டிய அறைக்குள் இருந்த காலம் அது. அங்கே மனிதர்கள் வேலை செய்ய வசதியாக எல்லாம் அமைகிறதா என்று பார்க்கும் பக்கத்தில் லிக் இருந்தார். கேட்டவுடன் பதில் சொல்லும் மெஷினைக் கண்ணால் பார்த்துவிட்டார். அதன் பிறகு அவரால் பழைய முறையைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பழைய முறை என்ன என்று சொல்லணும். பேட்ச் பிராசஸிங். புரோகிராமை அட்டை அட்டையாகத் துளை போட்டு, கட்டு கட்டி, கவுண்டரில் கொடுக்கணும். காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையில் பிராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வருவது மாதிரி. ஆபரேட்டர் வரிசைப்படி மெஷினுக்குப் போடுவார். பல மணி நேரம் கழித்தோ, அடுத்த நாளோ பிரிண்ட் வரும். அதில் மூன்றாவது வரியில் ஒரு கமா விட்டுப்போச்சு என்று இருக்கும். திருத்தி, மறுபடி கியூ. மெஷின் விலை லட்சக்கணக்கான டாலர். அது ஒரு நொடி சும்மா இருந்தாலும் நஷ்டம். அதனால் மனுஷன் காத்திருப்பது நியாயம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

1957-ல் லிக் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். ஒரு விஞ்ஞானி நாள் முழுக்க யோசிக்கிறேன் யோசிக்கிறேன் என்கிறானே, நிஜமாக எவ்வளவு நேரம் யோசிக்கிறான்? ஆள் யார் என்றால் அவரேதான். தன் வேலையைத் தானே குறிப்பெடுத்தார். வந்த கணக்கு அவருக்கே வெட்கம். யோசிக்கும் நேரம் என்று நினைத்ததில் சுமார் 85 சதவீதம் யோசனையே இல்லை. தகவல் தேடுவது, எண்களைக் கூட்டுவது, கிராஃப் வரைவது, வரைய இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுப்பது. பல மணி நேரம் எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கிராஃபில் போட்ட பிறகு, விடை சில நொடியில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. இதைப் படித்தபோது லேப் ரெக்கார்டு எழுதும் ராத்திரிகள்தான் ஞாபகம் வந்தது. நம்ம சதவீதம் இன்னும் மோசமாக இருக்கும்.

அதே 1957-ல் அவர் எம்ஐடியை விட்டு போல்ட் பெரானெக் அண்டு நியூமன் என்ற ஒலியியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போனார். சுருக்கமாக பிபிஎன். ஒலி பற்றிய வேலைக்குப் போனவர், போனதும் 25,000 டாலரில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொடுங்கள் என்று கேட்டார். எதுக்கு என்று கேட்டால் அவரிடமே உறுதியான பதில் இல்லை. ஆனாலும் முதலாளி பெரானெக் வாங்கிக்கொடுத்தார். நான் ரொம்ப நேரம் யோசித்த இடம் இது. அந்த ஒரு சம்மதம் இல்லையென்றால் பின்னால் வரும் எதுவும் இதே மாதிரி வந்திருக்குமா? அடுத்து டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பிடிபி-1 மெஷினும் அங்கே வந்தது. லிக் அதன் முன்னால் நேராக உட்கார்ந்து, கீயை அழுத்தி, பதில் வாங்கிப் பழகினார்.

1960 மார்ச்சில் அவருடைய ஒரு கட்டுரை வெளிவந்தது. மேன்-கம்ப்யூட்டர் சிம்பயோசிஸ் என்று தலைப்பு. ஆரம்பமே அத்திமரமும் அதற்குள் வாழும் பூச்சியும். அத்திப்பழத்தைப் பிட்டால் பூச்சி இருக்கும் என்று நம்ம பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். அந்தப் பூச்சி இல்லையென்றால் மரத்துக்கு மகரந்தச் சேர்க்கை கிடையாது, மரம் இல்லையென்றால் பூச்சிக்கு வீடும் சாப்பாடும் கிடையாது. மனுஷனும் கம்ப்யூட்டரும் அப்படிச் சேர்ந்து வாழணும் என்பது அவர் வாதம். கேள்வி கேட்பதும் முடிவெடுப்பதும் மனுஷன் வேலை, நடுவில் இருக்கும் கிளார்க் வேலை மெஷினுக்கு.

இதில் ஒரு சிக்கலை அவரே எழுதியிருக்கிறார். மெஷின் ரொம்ப வேகம், ரொம்ப விலை. ஒரே ஒரு ஆள் மெதுவாக யோசித்து யோசித்துப் பேசுவதற்கு அதை ஒதுக்க முடியாது. அதனால் ஒரே மெஷினைப் பல பேர் பங்குபோட்டுக்கொள்ளணும். இதுதான் டைம் ஷேரிங். நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸை நினைச்சுக்கோங்க. சாம்பார் வாளியோடு ஒரே அண்ணன், நாற்பது பேர் பந்தி. அவர் ஒரு இலைக்கு ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நகர்ந்துகொண்டே இருப்பார். நாம பிசைந்து சாப்பிட்டு நிமிர்ந்தால் திரும்ப முன்னால் நிற்பார். ஒவ்வொருத்தருக்கும் அவர் தனக்காகவே நிற்கிற மாதிரி தோணும். கம்ப்யூட்டர் ஒரு ஆளுக்குக் கொஞ்ச நேரம், அடுத்த ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று வேகமாகச் சுற்றிவந்தால், டைப் பண்ணிவிட்டு யோசிக்கும் மனுஷனுக்கு இடைவெளி தெரியாது.

இந்த யோசனை அவருடையது மட்டும் இல்லை. இங்கிலாந்தில் ஸ்ட்ராச்சியும் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தியும் 1959-லேயே இதைப் பேசியிருந்தார்கள். எம்ஐடியில் கோர்பாட்டோ குழு 1961 நவம்பரில் ஒரு ஐபிஎம் 709 மெயின்ஃபிரேமில் சிடிஎஸ்எஸ் என்ற டைம் ஷேரிங் சிஸ்டத்தை ஓட்டிக்காட்டியது. லிக் செய்தது வேறு. அவர் அந்த யோசனைக்குப் பணமும் ஆட்களும் சேர்த்துக்கொடுத்தார்.

எப்படி என்றால், 1962 அக்டோபரில் அவர் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்பாவுக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டர் பிரிவின் முதல் தலைவர். ராணுவம் எதிர்பார்த்தது தளபதிகளுக்கான கட்டுப்பாட்டு சிஸ்டம். தளபதியும் மெஷின் முன்னால் உட்கார்ந்து யோசிக்கும் மனுஷன்தானே, அவருக்கும் உடனே பதில் சொல்லும் கம்ப்யூட்டர்தானே வேணும் என்று சொல்லி, லிக் அந்தப் பணத்தைப் பல்கலைக்கழகங்களுக்குத் திருப்பினார். எம்ஐடியில் 1963-ல் புராஜெக்ட் மேக், பெர்க்லியில் புராஜெக்ட் ஜீனி, ஸ்டான்ஃபோர்டில் மெக்கார்த்தி, மவுஸ் கண்டுபிடித்த எங்கெல்பார்ட், கார்னகியில் நியூவெல், சைமன். நாம பாடத்தில் தனித்தனியாகப் பார்க்கும் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளிடமிருந்து செக் வாங்கியவர்கள்.

டெர்மினல், செஷன் என்ற வார்த்தைகள் இன்றைய அர்த்தத்தில் பழகிப்போனது இந்த இடங்களில்தான். டெர்மினல் என்றால் ஓயரின் கடைசி முனை. மெஷின் ஓர் அறையில், அதிலிருந்து ஓயர் போய் முடியும் இடத்தில் ஒரு டைப்ரைட்டர் மாதிரியான கருவி. திரை எல்லாம் பிறகுதான், முதலில் பேப்பரில்தான் பதில் அடித்து வரும். பல பேருக்கு இடம் கொடுத்து உபசரிக்கும் நடு மெஷின் ஹோஸ்ட். நீ லாகின் பண்ணியதிலிருந்து லாக்அவுட் பண்ணும் வரை ஹோஸ்ட் உனக்காக ஞாபகம் வைத்திருக்கும் கணக்குதான் செஷன். சாம்பார் அண்ணனுக்கு நாற்பது இலையும் ஞாபகம் இருக்கணுமே, அது மாதிரி. பல பேர் ஒரே மெஷினில் இருப்பதால் யார் இலை யாருடையது என்று பிரிக்கணும். பாஸ்வேர்ட் கேட்ட ஆரம்பகால சிஸ்டம்களில் சிடிஎஸ்எஸ்ஸும் ஒன்று.

1963 ஏப்ரலில் லிக் தன்னிடம் பணம் வாங்கும் எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை எழுதினார். அவர்களை இன்டர்கேலக்டிக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கின் உறுப்பினர்கள் என்று அழைத்திருந்தார். அண்டங்களுக்கு இடையிலான நெட்வொர்க்! கிண்டல்தான், ஆனால் உள்ளே விஷயம் சீரியஸ். ஒவ்வொரு இடமும் தனக்கென்று ஒரு மொழி, ஒரு கட்டளை முறை, ஒரு பழக்கம் வைத்திருக்கிறது. நாளைக்கு ஓர் இடத்து மெஷினில் இருக்கும் புரோகிராமை இன்னோர் இடத்திலிருந்து பயன்படுத்தணும் என்றால் எப்படி? இதுவரை சந்திக்காத வேற்றுக்கிரகவாசிகள் இரண்டு பேர் எந்த மொழியில் பேச ஆரம்பிப்பார்கள் என்ற கேள்வி மாதிரி என்று ஒப்பிட்டார். அப்போது நெட்வொர்க் என்று ஒன்று இல்லவே இல்லை. இல்லாத ஊருக்கு வழி சொல்லவில்லை, இல்லாத ஊரில் வரப்போகும் டிராஃபிக் ஜாமைப் பற்றி எழுதியிருக்கிறார்!

1964-ல் அவர் ஆர்பாவை விட்டு ஐபிஎம் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். மெயின்ஃபிரேம் என்றாலே ஐபிஎம், அங்கேயே போய் மாற்றலாம் என்று தோன்றும். நடக்கவில்லை. அந்த வருஷம் ஏப்ரலில்தான் ஐபிஎம் சிஸ்டம்/360-ஐ அறிவித்திருந்தது. கம்பெனியின் மொத்த கவனமும் அதில். அது பேட்ச் வேலையை மனதில் வைத்துச் செய்த மெஷின். புராஜெக்ட் மேக் தன் அடுத்த சிஸ்டத்துக்கு ஐபிஎம்மை விட்டுவிட்டு ஜெனரல் எலக்ட்ரிக் மெஷினைத் தேர்ந்தெடுத்தது. ஐபிஎம் பிறகு அவசரமாக 360-ல் டைம் ஷேரிங்குக்கென்று மாடல் 67 கொண்டுவந்தது. லிக் சில வருஷத்தில் எம்ஐடிக்கே திரும்பிவிட்டார். 1968-லிருந்து 1970 வரை புராஜெக்ட் மேக்கின் இயக்குநர். கனவு காண்பதில் கில்லாடி, நிர்வாகத்தில் அவ்வளவு இல்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. எனக்கும் அது சரி என்றே படுகிறது.

அவர் விட்டுப்போன ஆர்பா நாற்காலியில் சில வருஷம் கழித்து பாப் டெய்லர் உட்கார்ந்தார். அவரும் உளவியல் படித்தவர், லிக்கின் ரசிகர். பென்டகனில் அவர் அறையில் மூன்று டெர்மினல். ஒன்று எம்ஐடிக்கு, ஒன்று பெர்க்லிக்கு, ஒன்று சான்டா மோனிகாவுக்கு. மூன்றுக்கும் மூன்று லாகின் முறை, மூன்று கட்டளைத் தொகுப்பு. ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றில் இருப்பவரோடு பேசணும் என்றால் எழுந்து போய் வேறு நாற்காலியில் உட்காரணும். லிக் எழுதிய டிராஃபிக் ஜாம் நிஜமாகவே வந்துவிட்டது. ஒரே டெர்மினலில் இருந்து எல்லா இடத்துக்கும் போக முடியாதா என்ற எரிச்சலில்தான் டெய்லர் ஆர்பாநெட்டுக்குப் பணம் கேட்டார். 1968 ஏப்ரலில் லிக்கும் டெய்லரும் சேர்ந்து, கம்ப்யூட்டர் என்பது கணக்குப் போடும் கருவி மட்டும் இல்லை, மனிதர்கள் பேசிக்கொள்ளும் கருவி என்று இன்னொரு கட்டுரையும் எழுதினார்கள்.

1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆர்பாநெட்டின் முதல் செய்தி போனது. நடுவில் இருந்த பாக்கெட் மெஷின்களைக் கட்டியது லிக் வேலை பார்த்த அதே பிபிஎன். அனுப்ப முயன்றது லாகின் என்ற வார்த்தை. முதல் இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்க மெஷின் படுத்துவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து முழுசாக லாகின் ஆனது. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் இன்டர்நெட்டுக்குத் தாத்தாவான நெட்வொர்க் முதலில் செய்த வேலை மெயிலோ ஃபைலோ இல்லை, தூரத்து ஹோஸ்டில் ஒரு டெர்மினல் செஷன் திறக்க முயன்றது என்பதை நான் இப்போதுதான் கவனித்தேன்.

அந்த வேலைக்குப் பிறந்ததுதான் டெல்நெட். பிரச்சினை இது: பத்து வகை டெர்மினல், பத்து வகை ஹோஸ்ட். ஒவ்வொன்றுக்கும் மற்றதைச் சொல்லிக்கொடுத்தால் நூறு மொழிபெயர்ப்பு வேணும். அதனால் எங்கேயும் இல்லாத ஒரு டெர்மினலைக் கற்பனை செய்தார்கள். அதற்கு ஒரு கீபோர்டு, ஒரு பிரிண்டர், அவ்வளவுதான். ஒவ்வொரு பக்கமும் தன் கருவியை அந்தக் கற்பனை டெர்மினலாக மாற்றிப் பேசினால் போதும். நூறு இருபதாகிவிடும். இதற்குப் பெயர் நெட்வொர்க் வர்ச்சுவல் டெர்மினல். வேற்றுக்கிரகவாசிகள் எந்த மொழியில் ஆரம்பிப்பார்கள் என்ற லிக்கின் கேள்விக்கு இன்ஜினியர்கள் எழுதிய விடை என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

இனி என் கறுப்புத் திரைக்கு வருகிறேன். அது டெல்நெட் டெர்மினலின் நேர் தம்பி இல்லை, ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. 1971-ல் ஐபிஎம் 3270 என்ற டெர்மினல் குடும்பத்தைக் கொண்டுவந்தது. லிக் ஆசைப்பட்டது கீயை அழுத்தியவுடன் மெஷின் கவனிக்கும் உறவு. ஐபிஎம் வேறு கணக்குப் போட்டது. ஆயிரம் கிளார்க்குகள் ஒரு மெயின்ஃபிரேமில் வேலை செய்யும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஹோஸ்டை எழுப்பினால் தாங்காது. அதனால் ஹோஸ்ட் ஒரு முழுப் படிவத்தை அனுப்பும். 24 வரி, வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 1,920 இடம். நீ என்ன டைப் பண்ணினாலும் ஹோஸ்டுக்குத் தெரியாது. என்டர் அல்லது பிஎஃப் கீ மாதிரி சில கீகளை அழுத்தினால் மட்டும், நீ மாற்றிய ஃபீல்டுகள் மொத்தமாகப் போகும். வெப் ஃபார்மில் சப்மிட் பட்டன் அழுத்துகிறோமே, கிட்டத்தட்ட அதேதான். அந்த நொடியில் கீபோர்டு பூட்டிக்கொள்ளும், அடிவரியில் எக்ஸ் வரும். ஹோஸ்ட் பதில் அனுப்பித் திறந்துவிட்டால்தான் எக்ஸ் போகும்.

அதாவது காத்திருப்பது மறுபடி மனுஷன்தான். லிக் தோற்றுவிட்டாரா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். முழுசாக அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த நாள் வரைக்கும் இருந்த காத்திருப்பு சில நொடிக்கு வந்திருக்கிறது. ஆனால் அந்த எக்ஸ், பேட்ச் காலத்துக் கவுண்டரின் மிச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது யாரும் நிஜ 3270 பெட்டியை மேஜையில் வைப்பதில்லை. நம்ம லேப்டாப்பில் எமுலேட்டர் என்ற மென்பொருள் அந்தப் பெட்டி மாதிரி நடிக்கும். 3270-ன் பேச்சை டெல்நெட்டுக்குள் வைத்து அனுப்பும் முறைக்கு டிஎன்3270 என்று பெயர். ஐபிஎம் உலகத்தில் செஷன் என்ற வார்த்தை இன்னும் கறாரானது. டெர்மினல் ஒரு லாஜிக்கல் யூனிட், அந்தப் பக்கம் இருக்கும் அப்ளிகேஷனும் ஒரு லாஜிக்கல் யூனிட், இரண்டுக்கும் நடுவில் கட்டிய உறவு செஷன். எமுலேட்டரில் நாலைந்து செஷன் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி என்று ஓர் எழுத்துப் பெயர் வரும். வெளியில் இருந்து வரும் புரோகிராம், எனக்கு ஏ செஷன் கொடு என்று அந்த எழுத்தைச் சொல்லித்தான் ஒட்டிக்கொள்ளணும்.

அப்படி ஒட்டிக்கொள்ள 1980-களில் ஐபிஎம் கொடுத்த வழி எச்எல்எல்ஏபிஐ. அதன் பாஷையில் திரைக்குப் பெயர் பிரசன்டேஷன் ஸ்பேஸ், அதாவது அந்த 1,920 இடத்தின் மெமரி நகல். ஃபங்ஷன்களுக்கு எண் உண்டு. 1 என்றால் செஷனோடு இணை. 2 என்றால் விடு. 3 என்றால் கீயை அழுத்து. 5 என்றால் திரையை நகலெடு. நான் 1, 3, 5, மறுபடி 3, 5 என்று ஓட்டியிருந்தேன். நடுவில் 4 இருக்கிறது. அதன் பெயர் வெயிட். எக்ஸ் மறையும் வரை நில் என்று அர்த்தம். நான் அதை விட்டதால், ஹோஸ்ட் புது ஆளின் விவரத்தை அனுப்பும் முன்பே பழைய ஆளின் திரையை நகலெடுத்திருக்கிறேன். ஹோஸ்ட் வேகமாக இருந்த நேரம் சரியாக வந்தது, மெதுவாக இருந்த நேரம் ஒரு ஆள் தள்ளி வந்தது.

வெயிட் போட்ட பிறகும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு தப்பியது. சில சமயம் ஹோஸ்ட் கீபோர்டைத் திறந்துவிட்டுத் திரையை இரண்டு தவணையாக அனுப்பும் என்று அண்ணன் சொன்னார். அதனால் 6-வது ஃபங்ஷனால், நான் கேட்ட பாலிசி எண் புதுத் திரையில் வந்துவிட்டதா என்று தேடிப் பார்த்த பிறகே நகலெடுக்க வைத்தேன். அதற்கப்புறம் ஒரு வரிசைகூடத் தள்ளவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. என் புரோகிராம் உட்கார்ந்திருப்பது மனுஷனின் நாற்காலியில். அந்தப் பக்கம் இருக்கும் ஹோஸ்டுக்கு, கீயை அழுத்துவது விரலா கோடா என்று தெரியவே தெரியாது. அத்திமரமும் பூச்சியும் என்று லிக் எழுதிய உறவில், இங்கே பூச்சியின் இடத்தில் ஒரு பொம்மைப் பூச்சியை வைத்திருக்கிறோம். அதே சமயம், அவர் 85 சதவீதம் என்று கணக்கெடுத்த கிளார்க் வேலையைத்தான் அந்தப் பொம்மை செய்கிறது. அவர் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவாரா, முகம் சுளிப்பாரா? என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

லிக்கின் கடைசி வருஷங்கள் அவ்வளவு கொண்டாட்டமாக இல்லை. 1974-ல் இரண்டாம் முறை ஆர்பா அவரைக் கூப்பிட்டது. இந்த முறை காலம் மாறியிருந்தது. ராணுவப் பணம் ராணுவத்துக்கு நேராகப் பயன்படும் ஆராய்ச்சிக்கு மட்டும்தான் என்று சட்டமே வந்துவிட்டது. ஒவ்வொரு ரூபாய்க்கும், மன்னிக்கவும், டாலருக்கும் காரணம் எழுதணும். எதுக்கு என்று தெரியாமலே கம்ப்யூட்டர் கேட்டு வாங்கிய மனுஷனுக்கு அது ஒத்துவரவில்லை. 1975-ல் வெளியே வந்து எம்ஐடியில் பாடம் நடத்தப் போய்விட்டார். 1979-ல் அங்கிருந்த இளைஞர்கள் சிலர் இன்ஃபோகாம் என்ற கேம் கம்பெனி ஆரம்பித்தபோது, அறுபது வயது தாண்டிய லிக்கும் நிறுவனர்களில் ஒருவராகச் சேர்ந்துகொண்டார். படமே இல்லாத கேம்கள். நீ ஒரு வரி டைப் பண்ணு, மெஷின் ஒரு வரி பதில் சொல்லும். 1985-ல் ஓய்வு பெற்றார்.

கடைசிக் காலத்தில் ஆஸ்துமா அவரைப் பாடாய்ப்படுத்தியது. ஆர்பாநெட்டை 1990 பிப்ரவரி 28 அன்று அதிகாரப்பூர்வமாக மூடினார்கள், அதற்குள் அதன் வேலை முழுக்க இன்டர்நெட்டுக்கு மாறியிருந்தது. அதே வருஷம் ஜூன் 26 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் லிக் இறந்தார். வயது 75.